மியூனிக்க விட்டுட்டு எங்க போறது: ரூரா, லைப்ஸிக்கா, சார்லாண்டா?

மியூனிக் வாடகை கட்டி சலிச்சுப்போன நம்மாளுங்க இப்ப அடிக்கடி கேக்குறது இதுதான், பழைய நிலக்கரி ஊரு, இரும்பு ஊருங்க பக்கம் வீடு பாதி விலைக்கு கெடைக்குதாமே, அங்க போயிட்டா என்ன? போலாம், தப்பே இல்ல. ஆனா ஜெர்மனில அந்த மாதிரி ஏரியா ஒண்ணு மட்டும் இல்ல, ஒவ்வொண்ணும் வேற வேற காரணத்துக்கு படுத்துச்சு, எழுந்த விதமும் வேற வேற. ரெண்டு பேரும் வேலைக்குப் போற ஒரு தமிழ்க் குடும்பம் நெஜமாவே யோசிக்கக்கூடிய மூணை மட்டும் எடுத்துக்கறேன். மேற்குல பல ஊருங்க சேந்த ரூர் வட்டாரம், கிழக்குல லைப்ஸிக் நகரம், பிரான்ஸ் எல்லைல சார்லாண்ட் மாநிலம். என் ஓட்டு ரூருக்குத்தான், அத இப்பவே சொல்லிடறேன், கடைசி வரைக்கும் நடுநிலை மாதிரி நடிக்கறதுல அர்த்தம் இல்ல. ஆனா ரூருக்குள்ள எந்த தெருவுல வீடு எடுக்கறீங்கங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு, அதனால அங்கதான் கொஞ்சம் அதிக நேரம் நிக்கப்போறேன்.

மொதல்ல வீடு ஏன் சீப்புன்னு பாத்துடுவோம். 1950கள்ல ரூர் சுரங்கத்துல மட்டும் நாலு லட்சத்துக்கும் மேல ஆளுங்க வேலை பாத்தாங்க. 1958ல இறக்குமதி நிலக்கரியும் எண்ணெயும் சீப்பா வர ஆரம்பிச்சப்ப அடி விழுந்துச்சு, அதுக்கப்புறம் அறுபது வருஷம் கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டே வந்து 2018 டிசம்பர் 21 அன்னிக்கு போட்ராப்ல இருந்த ப்ரோஸ்பர்-ஹானியல்ங்கற கடைசி சுரங்கத்தையும் மூடிட்டாங்க, கடைசி நிலக்கரிக் கட்டிய ஜனாதிபதி ஸ்டைன்மையர் கைல குடுத்தாங்க. இந்த அறுபது வருஷங்கறது முக்கியம். ஒரே ராத்திரில எல்லாம் போயிருந்தா ஊரே காலியாயிருக்கும், இங்க அரசாங்கம் காசு கொட்டி மெதுவா எறக்கி வெச்சுது, அந்த நேரத்துல யுனிவர்சிட்டி, ஆஸ்பத்திரி, ரயில்னு வேற விஷயங்கள கட்டிக்கிட்டாங்க. நிலக்கரி உச்சத்துல இருந்த காலத்துல இத்தனை லட்சம் ஜனம் இருந்த இடத்துல ஒரு யுனிவர்சிட்டி கூட கெடையாது, போகும் யுனிவர்சிட்டி 1965லதான் வகுப்பு ஆரம்பிச்சுது, டோர்ட்முண்ட் 1968ல. இன்னிக்கு மாணவர் கூட்டத்துக்கு பஞ்சமே இல்ல.

இப்போ ரூர்ல 53 ஊராட்சிகள் சேந்து சுமார் 51 லட்சம் பேர். எஸ்ஸன், டோர்ட்முண்ட், போகும், டுய்ஸ்பர்க், கெல்சன்கிர்ஷன், ஓபர்ஹவுசன்னு ஒட்டி ஒட்டி இருக்கு, எந்த ஊரு எங்க முடியுதுன்னு போர்டு பாத்தாத்தான் தெரியும். சுரங்கம் எங்க தோண்டினாங்களோ அங்க ஊரு வளந்துச்சு, அதனால நடுநாயகமா ஒரு பெரிய சிட்டி இல்ல. பாக்க அழகில்ல, ஒத்துக்கறேன். ஆனா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுக்கு இதுதான் பெரிய வரம். போகும்ல வீடு இருந்தா டோர்ட்முண்டும் எஸ்ஸனும் ரயில்ல பத்து பன்னெண்டு நிமிஷம், டூசல்டோர்ஃப் முக்கால் மணி நேரத்துக்குள்ள. ஒருத்தருக்கு வேலை போனா குழந்தை ஸ்கூல மாத்தாம, வீட்ட மாத்தாம, ரயில் பிளாட்பாரத்த மட்டும் மாத்திக்கிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். லைப்ஸிக்லயோ சார்லாண்ட் தலைநகர் சார்ப்ரூக்கன்லயோ இந்த வசதி கெடையாது. வாடகை வித்தியாசத்த விட இதுக்குத்தான் நான் அதிக மார்க் போடறேன், ஏன்னா இப்ப ஐடில யாருக்கு எப்ப மெயில் வரும்னு யாருக்கும் தெரியாது.

போகும்லயே பாருங்க, நோக்கியா 2008ல ஃபேக்டரிய மூடிட்டு போனப்ப ஊரே கொதிச்சுது. அங்க இருந்த இஞ்சினியருங்கள நம்பி பிளாக்பெர்ரிகாரன் அதே ஊர்ல ஆராய்ச்சி ஆபீஸ் போட்டான், அவன் சரிஞ்சப்போ 2014ல ஃபோக்ஸ்வாகன் அந்த ஆபீஸ அப்படியே வாங்கி கார் இன்ஃபோடெயின்மென்ட் சாஃப்ட்வேர் பண்ண வெச்சான். ஓப்பல் கார் ஃபேக்டரி 2014 கடைசில மூடுச்சு, அந்த நிலத்துல இப்ப டிஎச்எல் பார்சல் சென்டரும் ஆராய்ச்சி கட்டடங்களும். சைபர் செக்யூரிட்டில இருக்கறவங்களுக்கு போகும் தெரியாம இருக்காது, மேக்ஸ் பிளாங்க்ங்கற ஆராய்ச்சி அமைப்பு 2019ல அதுக்குன்னே ஒரு இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சதும் அங்கதான். எஸ்ஸன்ல ஈ.ஆன், ஆர்டபிள்யூஈ, எவோனிக்னு பெரிய கம்பெனிங்க தலைமை ஆபீஸ் இருக்கு. டோர்ட்முண்ட்ல இன்சூரன்ஸ், லாஜிஸ்டிக்ஸ், ஐடி சர்வீஸ். சம்பளம் மியூனிக் அளவுக்கு வராது, அதையும் சேத்துத்தான் கணக்கு போடணும். மியூனிக்ல புதுசா எடுக்கற வீட்டுக்கு சதுர மீட்டருக்கு 20 யூரோவ தாண்டிடுச்சு, ரூர்ல அதுல பாதி, வடக்குப் பக்கம் பாதிக்கும் கீழ. சம்பளம் பாதியா குறையாதில்ல, அந்த வித்தியாசம்தான் உங்க லாபம்.

இன்னொண்ணு, ரூர் பத்தி இருபது வருஷம் முன்னாடி அங்க இருந்த சொந்தக்காரங்க சொல்றத வெச்சு முடிவு பண்ணாதீங்க. "எம்ஷர் நாறும்"னு சொல்லுவாங்க, அவங்க சொன்னது அந்த காலத்துக்கு உண்மைதான். எம்ஷர் ஆறு நூறு வருஷத்துக்கும் மேல திறந்தவெளி சாக்கடை. ஏன் பூமிக்கடில பைப் போடலன்னா, கீழ சுரங்கம் தோண்டத் தோண்ட தரை எறங்கிக்கிட்டே இருந்துச்சு, பைப் போட்டா ஒடஞ்சிடும், அதனால ஆத்தையே கான்கிரீட்ல அடச்சு கழிவ அதுல விட்டுட்டாங்க. சுரங்கம் வடக்க நகந்து தரை அடங்கினப்புறம் 1992ல வேலைய ஆரம்பிச்சு, டோர்ட்முண்ட்லேந்து டின்ஸ்லாக்கன் வரைக்கும் 51 கிலோமீட்டர் பாதாள கால்வாய் போட்டு, 550 கோடி யூரோவுக்கு மேல செலவு பண்ணி, 2021 கடைசில கழிவு நீர முழுசா ஆத்துலேந்து எடுத்துட்டாங்க. இப்ப கரையில சைக்கிள் பாதை. யாரும் சீண்டாத வீடுங்க இப்ப ஆத்தோர வீடுன்னு விளம்பரத்துல வருது. டோர்ட்முண்ட் ஹோர்டேல ஒரு இரும்பாலைய 2001ல மூடி, பிரிச்சு எடுத்து சைனாவுக்கு கப்பல்ல அனுப்பிட்டு, அந்தப் பள்ளத்துல 2010ல தண்ணி விட்டு ஃபீனிக்ஸ்-ஸேன்னு 24 ஹெக்டேர் ஏரி பண்ணிட்டாங்க. அங்க வீடு பாக்கப் போகாதீங்க, அது மியூனிக் விலைய நோக்கிப் போறவங்களுக்கான இடம், ஞாயித்துக்கிழமை ஏரிய ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுங்க போதும்.

ஏ40 பத்தி சொல்லாம ரூர் பத்தி பேச முடியாது. டுய்ஸ்பர்க்லேந்து டோர்ட்முண்ட் வரைக்கும் ரூர குறுக்கால வெட்டிக்கிட்டு போற ஹைவே, இத அங்க இருக்கறவங்களே சமூக பூமத்திய ரேகைம்பாங்க. தெற்கால பணம், வடக்கால கஷ்டம். எஸ்ஸனோட தெற்குல பால்டெனே ஏரி, காடு, க்ருப் குடும்பத்து மாளிகை, மார்கரெட்டென்ஹோகேன்னு 1909லேந்து கட்டின அழகான குடியிருப்பு. அதே எஸ்ஸனோட வடக்குல வேலையில்லாதவங்க விகிதம் பல மடங்கு. கெல்சன்கிர்ஷன் வருஷா வருஷம் ஜெர்மனி ஊருங்களோட வருமான லிஸ்ட்ல கடைசில நிக்குது, 2025 பொதுத்தேர்தல்ல அங்க இரண்டாவது வாக்குல, அதாவது கட்சிக்குன்னு போடற ஓட்டுல, குடியேறறவங்கள எதிர்க்கற வலதுசாரி கட்சி ஏஎஃப்டி மொத எடத்துக்கு வந்துச்சு. சுரங்கத்துக்காக போலந்துலேந்தும் இத்தாலிலேந்தும் துருக்கிலேந்தும் ஆளுங்க வந்து கலந்த மண்ணு, கருப்பா இருக்கறவன திரும்பிப் பாக்காத மண்ணுன்னு பொதுவா சொல்றது சரிதான், ஆனா எல்லா தெருவுக்கும் அது பொருந்தும்னு நெனச்சுட்டுப் போகாதீங்க. குழந்தை இருக்கறவங்க வாடகை விளம்பரத்த பாக்கறதுக்கு முன்னாடி ப்ரைமரி ஸ்கூல் எதுன்னு பாருங்க.

அதுக்காக வடக்கையே ஒதுக்கணும்னும் இல்ல. சுரங்கத் தொழிலாளிங்களுக்குன்னு கட்டின பழைய காலனிங்க, சின்ன வீடு, பின்னாடி நீளமா தோட்டம், அந்த காலத்துல ஆடு கோழி வளக்க விட்ட இடம், அதெல்லாம் வடக்குலதான் நெறைய. ஹெர்னேல டொய்டோபுர்கியா, ஓபர்ஹவுசன்ல 1846லயே ஆரம்பிச்ச ஐசன்ஹைம், ரெண்டையும் நேர்ல பாருங்க, ஐசன்ஹைம இடிக்கப் பாத்தப்ப அங்க குடியிருந்தவங்களே 1970கள்ல போராடி காப்பாத்தினாங்க. இந்த மாதிரி பாரம்பரிய வீடு வாங்கினா ஜன்னல் நிறத்துக்குக் கூட அனுமதி கேக்கணும், எரிச்சல்தான். ஆனா அனுமதி வாங்கி பண்ற மராமத்து செலவுல வருஷத்துக்கு 9 சதவீதம்னு பத்து வருஷம் வரிக்கணக்குல கழிச்சுக்கலாம், நீங்களே அதுல குடியிருந்தா. நல்ல சம்பளத்துல இருக்கறவங்களுக்கு இது சின்ன தொகை இல்ல.

வாங்கறதுன்னு வந்தாத்தான் ரூரோட நெஜமான சிக்கல் வெளிய வரும். தரைக்கடில நூறு நூத்தம்பது வருஷம் தோண்டியிருக்காங்க, சில இடத்துல பூமி 20 மீட்டருக்கு மேல எறங்கியிருக்கு. பெரிய பெரிய பகுதிங்க ஆத்து மட்டத்த விட கீழ கெடக்கு, பம்பு ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்கணும், நிறுத்தினா ஏரியாயிடும். சுரங்கத் தண்ணிய ஏத்தறது, தாழ்வான இடங்கள்ல தேங்கறத எறைக்கறது, நிலத்தடி நீர சுத்தம் பண்றது, இதுக்கு வருஷத்துக்கு 20 கோடி யூரோவுக்கு மேல ஆகும்னு கணக்கு போட்டு, 2007ல ஆர்ஏஜி அறக்கட்டளைன்னு ஒண்ண உருவாக்கி, 2019லேந்து அவங்க தலைல இந்த செலவ வெச்சுட்டாங்க. எப்ப முடியும்னா முடியவே முடியாது, அதனாலதான் அதுக்கு பேரே நித்தியச் சுமை. இதுக்கு பயந்து போகாம இருக்கணுமான்னா எனக்கு அப்படி தோணல, காசு தனியா ஒதுக்கியிருக்கு, பம்பு ஓடுது. உங்க பாக்கெட்ட தொடற விஷயம் வேற.

வீட்டுப் பத்திர பதிவேட்ல, அதாவது குருண்ட்புக்ல, ரெண்டாவது பகுதின்னு ஒண்ணு இருக்கும். அதுல பெர்க்ஷேடன்ஃபெர்ஸிக்ட்ன்னு ஒரு வார்த்தை இருக்கான்னு தேடுங்க. முன்னாடி இருந்த ஓனர் யாராவது, சுரங்கத்தால வீட்டுக்கு சேதம் வந்தா நஷ்ட ஈடு கேக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்து அது பதிவாயிருக்கும், அது வாங்கறவரையும் கட்டும். வீட்டு சுவத்துல விரிசல் விட்டா கம்பெனிகிட்ட போய் நிக்க முடியாது, அல்லது கேக்கற உரிமை பாதி குறைஞ்சிருக்கும், எவ்வளவு விட்டுக்குடுத்தாங்கங்கறது பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். புரோக்கர் இத தானா சொல்ல மாட்டார். அர்ன்ஸ்பெர்க் மண்டல நிர்வாகத்தோட சுரங்கத் துறை டோர்ட்முண்ட்ல இருக்கு, மொத்த மாநிலத்துக்கும் அவங்கதான், அட்ரஸ குடுத்து எழுதி கேட்டா அந்த மனைக்கடில எந்த சுரங்கம் போச்சு, எந்த ஆழத்துலன்னு பதில் வரும். வேடிக்கை என்னன்னா பணக்கார தெற்குலதான் பொத்துன்னு குழி விழற ஆபத்து அதிகம், அங்க நிலக்கரி மேல்மட்டத்துலயே கெடச்சதால நூத்துக்கணக்கான வருஷமா சின்னச் சின்ன குழியா தோண்டிட்டாங்க, வரைபடம் கூட சரியா இல்ல. 2000 ஜனவரில போகும் ஊருக்குள்ளயே ஹோன்ட்ராப் பகுதில ஒரு குழி விழுந்து கார் ஷெட்டுங்களையே முழுங்கிடுச்சு. 2013ல எஸ்ஸன் மெயின் ஸ்டேஷன் பக்கத்துல தண்டவாளத்துக்கடில பழைய சுரங்கப் பொந்து இருக்கறது தெரிஞ்சு வாரக்கணக்குல ரயில் போக்குவரத்து தகராறு. வடக்குல ஆழமா தோண்டினதால தரை மொத்தமா எறங்கும், வீடு லேசா சாயும். வீடு பாக்கப் போறப்ப பாக்கெட்ல ஒரு கோலி குண்டு எடுத்துட்டுப் போங்க, மரத்தரைல வெச்சு விடுங்க, எந்தப் பக்கம் ஓடுதுன்னு புரோக்கரும் பாக்கட்டும்.

வரியும் பாத்துடுங்க. வீடு வாங்கறப்ப கட்டற சொத்து வாங்கும் வரி பவேரியால 3.5 சதவீதம், சாக்சனில, அதாவது லைப்ஸிக்ல 5.5, ரூர் இருக்கற நார்த் ரைன்-வெஸ்ட்ஃபேலியாலயும் சார்லாண்ட்லயும் 6.5. 4 லட்சம் யூரோ வீட்டுக்கு மியூனிக்ல 14,000 கட்டறவர் எஸ்ஸன்ல 26,000 கட்டுவார், இதுக்கு பேங்க் பொதுவா லோன் தராது, கைக்காசு. போதாததுக்கு ரூர் நகராட்சிங்க கடன்ல முழுகினதுங்க, வருஷா வருஷம் கட்டற வீட்டு வரி அங்க நாட்டுலயே அதிகமான வகையில சேரும். வீடு சீப்புன்னு துள்ளிக் குதிக்கறதுக்கு முன்னாடி இத கழிச்சுக்கோங்க.

சரி லைப்ஸிக். கதை முழுக்க வேற. ரூர் அறுபது வருஷம் எடுத்துக்கிட்ட எறக்கம் இங்க 1990க்கு அப்புறம் நாலஞ்சு வருஷத்துல நடந்து முடிஞ்சுடுச்சு, கிழக்கு ஜெர்மனி ஃபேக்டரிங்க வரிசையா மூடி ஜனம் மேற்க ஓடிச்சு. 1930கள்ல 7 லட்சத்துக்கு மேல இருந்த ஊரு 1998ல 4.4 லட்சத்துக்கும் கீழ போயிடுச்சு, அழகழகான பழைய பில்டிங்ல அஞ்சுல ஒரு வீடு காலி. அப்புறம் போர்ஷே, பிஎம்டபிள்யூ, டிஎச்எல் விமான சரக்கு மையம்னு வந்து இப்ப மறுபடி 6 லட்சத்த தாண்டி நிக்குது. ப்ளாக்விட்ஸ்ல 1884ல ஆரம்பிச்ச பஞ்சாலை, ஒரு காலத்துல ஐரோப்பா கண்டத்துலயே பெருசுன்னு பேரு எடுத்தது, இப்ப ஓவியருங்க கூடம். தெற்குல பழுப்பு நிலக்கரி வெட்டின பள்ளமெல்லாம் ஏரியாயிடுச்சு, கோஸ்புடன் ஏரி 2000லேந்து குளிக்கற இடம். ஊரு அழகுன்னு பாத்தா மூணுல இதுதான் முதல், போட்டியே இல்ல. குழந்தைய பகல் முழுக்க விடற கிட்டா இடமும் கிழக்குலதான் சுலபம், ரூர்ல அதுக்கு அலையணும், சின்னக் குழந்தை இருக்கறவங்களுக்கு இது பெரிய ப்ளஸ். பெர்லினுக்கு ஐசிஇல ஒண்ணேகால் மணி நேரம்.

அப்புறம் ஏன் என் ஓட்டு அங்க இல்லன்னா, மொத காரணம் சீப்புங்கற காலம் அங்க முடிஞ்சுபோச்சு, பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி போனவங்க ஜெயிச்சாங்க, இப்ப வீடு தேடி வரிசைல நிக்கணும், வாடகை ரூர் அளவுக்கு வந்துடுச்சு. ரெண்டாவது, லைப்ஸிக் ஒரே ஊரு. அங்க வேலை போனா அடுத்த வேலை பெர்லின்ல. மூணாவது, ஊருக்குள்ள திறந்த மனசான ஜனம், யுனிவர்சிட்டி கூட்டம், ஒரு தொந்தரவும் இல்லாம இருக்கற நம்ம பசங்க நெறைய பேர் இருக்காங்க, ஆனா ஊர விட்டு அரை மணி நேரம் வெளிய போனா காத்து மாறும், 2024 சாக்சனி தேர்தல்ல ஏஎஃப்டி 30 சதவீதத்துக்கு மேல வாங்குச்சு. தனி ஆளுக்கு இது ஒரு பெரிய விஷயமா தெரியாது. பொண்ணு பதினஞ்சு வயசுல லோக்கல் ரயில்ல தனியா டோர்னமென்ட்டுக்கு போறப்ப தெரியும்.

சார்லாண்ட சீக்கிரம் முடிச்சுடறேன், ஏன்னா இது எல்லாருக்குமானது இல்ல. மொத்த மாநிலமே சுமார் 10 லட்சம் ஜனம்தான். ஃபோல்க்லிங்கன் இரும்பாலை 1986ல நின்னுச்சு, 1994ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறுச்சு, எஸ்ஸனோட சொல்ஃபராயின் சுரங்கத்துக்கு அந்த அந்தஸ்து வர்றதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே. 2008 பிப்ரவரில சுரங்கத்தால சார்வெல்லிங்கன் பக்கம் 4 ரிக்டர் அளவுக்கு பூமி அதிர்ந்து, ஜனம் பொங்கி எழுந்து, 2012ல சுரங்கமே முடிஞ்சுது. சார்லூயி ஃபோர்ட் ஃபேக்டரிலயும் கார் தயாரிப்பு 2025ல நின்னுடுச்சு, அதாவது அடி இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பிஎச்டி, ஆராய்ச்சின்னு போறவங்களுக்கு சார்ப்ரூக்கன் தங்கச் சுரங்கம், மேக்ஸ் பிளாங்க், சைபர் செக்யூரிட்டிக்கு சிஸ்பா, ஏஐக்கு டிஎஃப்கேஐன்னு ஆராய்ச்சி மையமெல்லாம் ஒரே கேம்பஸ சுத்தி. இன்னொரு கூட்டம் லக்சம்பர்க் சம்பளம் வாங்கிட்டு சார்லாண்ட்ல குடியிருக்கறவங்க, கணக்கு அருமையா வரும், ஆனா வருஷத்துக்கு 34 நாளுக்கு மேல வீட்லேந்து வேலை பாத்தா அந்த வேலை நாளுங்களுக்கு ஜெர்மனி வரி கேக்கும், ஹோம் ஆபீஸ் பழகின ஐடிகாரங்க இத கவனிங்க. கார் இல்லாம ஓட்டறது கஷ்டம். அங்க பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரங்க, வாடகை வீடு தேடறவங்களுக்கு சாய்ஸ் கம்மி.

நம்மாளுங்க விஷயத்துக்கு வருவோம், அத விட்டுட்டு இந்த ஒப்பீடு முழுசாகாது. ஈழத்துலேந்து 1980கள்ல வந்தவங்க வெஸ்ட்ஃபேலியா பக்கம் நெறைய பேர் தங்கிட்டாங்க, அதனால ரூர் சுத்து வட்டாரத்துல தமிழ் ஸ்கூல், மளிகைக் கடை, பரதநாட்டிய கிளாஸ்னு எதுக்கும் மியூனிக்ல அலையற மாதிரி அலைய வேண்டாம். ரூரோட கிழக்கு ஓரத்துல ஹாம் நகரத்துல, ஹைவே பக்கத்து தொழிற்பேட்டைல, 2002ல கும்பாபிஷேகம் ஆன ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு, ஏழு நிலை இல்லன்னாலும் நெஜ கோபுரம், தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்குல கூட்டம். தீர்த்தம் ஆடறது எங்கன்னா டாட்டல்ன்-ஹாம் கால்வாய்ல, நிலக்கரி ஏத்திட்டுப் போற படகுங்களுக்காக 1914ல திறந்த கால்வாய். ரூர்ல குடியேறினா பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் போடுவாங்கன்னு பயந்து பயந்து சாமி கும்பிட வேண்டியதில்ல. லைப்ஸிக்ல நம்ம கூட்டம் பெரும்பாலும் ஸ்டூடண்ட்ஸும் புது ஐடி பசங்களும், படிப்பு முடிஞ்சதும் கலைஞ்சு போற கூட்டம்.

அப்போ மியூனிக்லயே இருக்கறது எப்ப சரின்னா, உங்க ஃபீல்டு செமிகண்டக்டர் டிசைனோ, அங்க மட்டும் இருக்கற ஒரு கம்பெனியோன்னா இருந்துடுங்க. பழைய காண்ட்ராக்ட்ல குறைஞ்ச வாடகைல இருந்தீங்கன்னாலும் அசையாதீங்க, அத விட்டா திரும்பக் கெடைக்காது. குடியுரிமைக்கு அப்ளை பண்ணிட்டு காத்திருக்கறவங்க முடிவு வர்றதுக்கு முன்னாடி ஊரு மாத்தறதா இருந்தா ஒண்ணுக்கு ரெண்டு தடவ யோசிங்க, ஃபைல் புது ஊரு ஆபீஸுக்கு போயிடும், அங்க வரிசை எவ்வளவு நீளம்னு கேட்டுட்டு அப்புறம் லாரி புக் பண்ணுங்க.

ரூருக்கு போறதுன்னு மனசு சாஞ்சுட்டவங்களுக்கு ஒரே ஒரு வேலை சொல்றேன். ஊரு பாக்க சனி ஞாயிறு போகாதீங்க, சனி ஞாயிறுல டுய்ஸ்பர்க் இரும்பாலை பார்க்கும் சொல்ஃபராயினும் எல்லாருக்கும் புடிச்சுப் போகும். லீவு போட்டு ஒரு செவ்வாய்க்கிழமை போங்க, காலைல ஏழரைக்கு நீங்க குடியிருக்கப் போற ஸ்டேஷன்லேந்து ஆபீஸ் இருக்கப் போற ஸ்டேஷன் வரைக்கும் அந்த ஆர்ஈ1லயோ எஸ்-பான்லயோ நின்னுக்கிட்டே போயிட்டு வாங்க, எத்தன ரயில் கேன்சல்னு எண்ணுங்க. பிளாட்பாரத்துல பக்கத்துல நிக்கற பெரியவர் ரயில்வேய திட்டிக்கிட்டே உங்ககிட்ட பேச்சு குடுப்பார், அந்த ஊர் பழக்கம் அது, மியூனிக்ல நடக்காது. ஃபுட்பால்ல உங்க டீம் டோர்ட்முண்டா ஷால்கேவான்னு கேட்டா மட்டும் எந்த ஊர் பிளாட்பாரத்துல நிக்கறீங்கன்னு போர்ட பாத்துட்டு பதில் சொல்லுங்க.